மருத்துவமனை வேலைக்கு முந்தைய உடற்பரிசோதனை: பழைய காசநோயைச் சொல்ல வேண்டுமா?

எழுதியவர்: ஃபீனிக்ஸ் மகள்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையில் எனக்கு என்ரோல்டு நர்ஸ் (பதிவு நர்ஸுக்கு அடுத்த நிலை) வேலை கிடைத்திருக்கிறது. பணியில் சேர்வதற்கு முன், பணியாளர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அவர்களுடைய தொழில்நலக் கிளினிக்கில் உடற்பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும், அடுத்த வாரத்திற்கு அடுத்த திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு வர வேண்டும் என்றும் கடிதம் வந்துள்ளது. அதனுடன் வந்த நான்கு பக்க ஃபார்மின் மூன்றாம் பக்கத்தில், 'உங்களுக்கு எப்போதாவது காசநோய் வந்ததுண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அந்த ஒரு கட்டம் மட்டும் மூன்று நாட்களாகக் காலியாக இருக்கிறது.

2013-இல், எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, காசநோய் வந்தது. எங்கள் பகுதிக் கிளினிக்கில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. முற்றிலும் குணமாகிவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரையே யாரும் உச்சரித்ததில்லை. உறவினர்களிடம் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றே சொல்லி வைத்தோம். 'அதை எழுதாதே, கைக்கு வந்த வேலை போய்விடும்' என்று அம்மா சொல்கிறார். நான் என்ன செய்வது?

இன்னும் சில ஐயங்களும் உண்டு. நான் 1994-இல் பிறந்தவள். என் சிறுவயதுத் தடுப்பூசி அட்டையும் பழைய சிகிச்சைக் காகிதங்களும் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நனைந்து போய்விட்டன. இப்போது புரட்டாசி மாதம் என்பதால் வீட்டில் சைவம்; சனிக்கிழமைகளில் நான் ஒரு வேளைதான் உண்கிறேன். அது இரத்தப் பரிசோதனையைப் பாதிக்குமா? அம்மாவுக்கும் ஆயாவுக்கும் சர்க்கரை நோய் இருப்பதால் அதைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

எழுதியவர்: டோங்காட் அண்ணன்

தங்கச்சி, உன் அம்மா சொல்வதைக் கேள். என் மைத்துனர் மருத்துவமனை ஒன்றில் வார்டு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்து, நேர்காணலில் தேறி, கடந்த ஜூன் மாதம் உடற்பரிசோதனைக்குப் போனார். எட்டு ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றதை உள்ளபடி எழுதினார். இரண்டு வாரம் கழித்து 'தகுதியில்லை' என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது அவ்வளவுதான். குணமாகிப் பத்தாண்டு கடந்த நோயை நீ எதற்காக நீயே போய்ச் சொல்ல வேண்டும்?

எழுதியவர்: சாட்ஸ்வொர்த் சிஸ்டர் (ஓய்வு)

மகளே, நான் முப்பத்தோரு ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். அவற்றுள் கடைசி பதினான்கு ஆண்டுகள் தொழில்நலக் கிளினிக்கில், நீ இப்போது உட்காரப் போகும் நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் இருந்தேன். டோங்காட் தம்பியின் மைத்துனருக்கு நடந்தது தவறு. அதைப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன் கேள்விக்கு என் பதில்: எழுது. மறைக்காதே. ஆனால் வெறுமனே 'ஆம்' என்று எழுதிவிட்டு வந்துவிடாதே.

முதல் காரணம் மிக எளிது. உன் மார்பு எக்ஸ்ரே அதைச் சொல்லிவிடும். காசநோய் ஆறிய இடத்தில், பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில், தழும்பு நின்றுவிடுவதுண்டு. ஃபார்மில் 'இல்லை' என்று எழுதியிருக்க, படத்தில் தழும்பு தெரிந்தால், அதைப் பார்க்கும் மருத்துவருக்கு அது பழைய தழும்பா, இன்று நடந்துகொண்டிருக்கும் நோயா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகும். 'ஆம், 2013-இல் வந்தது, ஆறு மாதச் சிகிச்சை முடிந்தது' என்று தேதிகளோடு எழுதியிருந்தால், அதே தழும்பு ஒரு பழைய செய்தியாகிவிடும்.

இரண்டாவது காரணத்தைத்தான் நம் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தப் பரிசோதனையைப் பள்ளித் தேர்வைப் போல நினைத்து எல்லோரும் அஞ்சுகிறார்கள். நீ வேலையில் சேரும் நாளில் உன் உடல் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் முதல் பதிவு இது. நம் குவாஸுலு-நடால் மாகாணத்தில் வார்டில் நிற்கும் நர்ஸுக்குக் காசநோய் தொற்றும் வாய்ப்பு உண்மையானது. இங்குள்ள டுகேலா ஃபெரி என்ற ஊரில் 2005, 2006 ஆண்டுகளில் மருந்துக்கு அடங்காத காசநோய் பரவியபோது, முதலில் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அவர்களுள் மருத்துவமனைப் பணியாளர்களும் இருந்தார்கள் என்பதை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. நாளை உனக்கு வார்டில் நோய் தொற்றினால், 1993-ஆம் ஆண்டின் 130-ஆம் எண் தொழில்சார் காயங்கள், நோய்கள் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு இழப்பீடு கேட்க உனக்கு உரிமை உண்டு. அப்போது 'சேர்ந்த அன்று பழைய நோய் ஆறி அடங்கியிருந்தது, இது புதிதாக வந்தது' என்று காட்டுவதற்கு உன் கையில் இருக்கப் போவது இந்த முதல் எக்ஸ்ரேயும் நீ நிரப்பிய இந்த ஃபார்மும்தான். அதில் பொய் இருந்தால் உன் சொல்லை நீயே பலவீனப்படுத்திக்கொண்டவள் ஆவாய்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளையே நீ சிகிச்சை பெற்ற கிளினிக்குக்குப் போ. உன் காகிதங்கள் வெள்ளத்தில் போனாலும் அவர்களிடம் காசநோய்ப் பதிவேடு இருக்க வேண்டும்; சிகிச்சை தொடங்கியவர் ஒவ்வொருவரின் பெயரும் முடிவும் அதில் எழுதப்படும். எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தெந்த மருந்துகள், எந்தத் தேதியில் முடிந்தது, முடிவு என்ன என்ற நான்கையும் குறிப்பிட்டு முத்திரையுடன் கடிதம் கேள். முடிவு என்ற இடத்தில் 'குணமானது' என்பதற்கும் 'சிகிச்சை நிறைவு' என்பதற்கும் பொருள் வேறு. கடைசி மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று உறுதி செய்யப்பட்டவருக்கே 'குணமானது' என்று எழுதுவார்கள். மருந்தை முழுவதும் முடித்தும் அந்தக் கடைசிச் சோதனை இல்லாதவருக்குச் 'சிகிச்சை நிறைவு' என்று எழுதுவார்கள். இரண்டுமே நல்ல முடிவுதான். எது எழுதியிருந்தாலும் கலங்காதே. பழைய எக்ஸ்ரே ஏதேனும் கிடைத்தால் அதைவிடச் சிறந்த துணை வேறில்லை. பழைய படத்திலும் புதிய படத்திலும் தழும்பு மாறாமல் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் மேன்டூ சோதனையை உனக்குச் செய்ய முற்பட்டால், முன்பு காசநோய் வந்தவள் என்பதை நினைவூட்டு. ஒருமுறை நோய் வந்தவருக்கு அது பல ஆண்டுகள் கழித்தும் வீங்கவே செய்யும். அதிலிருந்து புதிதாக அறிய எதுவும் இல்லை. இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் என்ற நான்கைப் பற்றியும் கேட்பார்கள். சளி கேட்டால் தயங்காமல் கொடு.

தடுப்பூசி அட்டையைப் பொறுத்தவரை, அது போனதில் பெரிய இழப்பு இல்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி சேர்ந்தது 1995 ஏப்ரலில். நீ அதற்கு முன் பிறந்தவள் என்பதால் குழந்தையில் அந்த ஊசி பெற்றிருக்க மாட்டாய். நர்சிங் கல்லூரியில் போட்டார்களா என்று நினைவுபடுத்திப் பார். போட்டிருந்தால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்ப்பார்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீ பாதுகாப்பில் இருக்கிறாய் என்று பொருள். போடவில்லையென்றால் இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என்று மூன்று ஊசிகள். கடைசி ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு மாதத்தில் அளவைப் பார்க்கச் சொல்லி நீயே கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குப் பல இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். ஊசி குத்தி ஏற்படும் விபத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி பெறாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ, எதிரிலுள்ள நோயாளியின் இரத்தத்தைப் பொறுத்து, நூற்றில் ஆறு முதல் முப்பது வரை. எல்லோரும் முதலாவதற்கு அஞ்சி இரண்டாவதை மறந்துவிடுவதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

எழுதியவர்: ஃபீனிக்ஸ் மகள்

சிஸ்டர் அம்மா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். இவ்வளவு தெளிவாக இதுவரை எவரும் எனக்குச் சொன்னதில்லை. கல்லூரியில் ஒரே ஒரு ஊசி போட்டதாக நினைவு. பிறகு இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை கிளினிக்குக்குப் போகிறேன். இரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் என்ன செய்ய வேண்டும் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

எழுதியவர்: ஆய்வகத் தம்பி

நான் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் மாதிரிகளைப் பெறும் பிரிவில் பணிபுரிகிறேன். அக்கா, ஃபார்மில் வெறும் வயிற்றில் வரவேண்டும் என்று எழுதியிருந்தால் குறைந்தது எட்டு மணி நேரம் உணவு இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தண்ணீரும் குடிக்காமல் வாடிப்போய் வருபவர்களுக்கு நரம்பு எளிதில் அகப்படாமல் இரண்டு மூன்று இடத்தில் குத்த நேரிடுகிறது. விரதம் சனிக்கிழமை, பரிசோதனை திங்கட்கிழமை. ஞாயிறன்று வழக்கம்போல் உணவு உண்டால் போதும். சைவ உணவு எந்த முடிவையும் கெடுக்காது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கசகசா. சில மருத்துவமனைகளில் போதைப்பொருள் இருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிக்கிறார்கள். கசகசா அபினிச் செடியின் விதை. அதில் சிறிதளவு மார்ஃபின் ஒட்டியிருக்கும். கசகசாவைத் தாராளமாக அரைத்து விட்ட குருமாவோ பாயசமோ சாப்பிட்டவரின் சிறுநீரில் அடுத்த ஓரிரு நாட்கள் அது தெரியக்கூடும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் வந்து, முதல் சோதனையில் இப்படி அகப்பட்டு, இரண்டாவது சோதனையின் முடிவு வரும்வரை தவித்த ஒரு நல்ல மனிதரை எனக்குத் தெரியும். எனவே முந்தைய மூன்று நான்கு நாட்களுக்கு அது வேண்டாம். கோடீன் கலந்த தலைவலி மாத்திரையும் இருமல் மருந்தும் அதே முடிவைக் காட்டும். நம் ஊரில் அவை மருந்துக் கடையிலேயே கிடைப்பதால் பலர் அவற்றை மருந்தாகவே கருதுவதில்லை. சாப்பிட்டிருந்தால், சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே ஃபார்மில் பெயரை எழுதிவிடுங்கள். முடிவு வந்த பிறகு சொல்லும் விளக்கத்திற்கு அந்த மதிப்பு இருப்பதில்லை.

பெண்கள் கூச்சத்தால் சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு. மாதவிடாய் நாட்களில் கொடுக்கும் சிறுநீரில் இரத்தம் தெரியும். அதைச் சிறுநீரகக் கோளாறோ என்று எண்ணி மறுபடி வரச் சொல்வார்கள். சிஸ்டரிடம் சொன்னால் அந்த ஒரு மாதிரியை மட்டும் வேறொரு நாளுக்கு மாற்றிக் கொடுப்பார்கள்.

எழுதியவர்: சட்டம் படிக்கும் பெண்

சில சட்ட விவரங்களைச் சேர்க்க விரும்புகிறேன். நம் நாட்டின் 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, பணியாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வது பொதுவாகத் தடைசெய்யப்பட்டதாகும். வேறொரு சட்டம் அனுமதித்தாலோ, மருத்துவ உண்மைகள், வேலையின் சூழல், அந்த வேலைக்கே உரிய தேவைகள் போன்றவற்றால் நியாயப்படுத்த முடிந்தாலோ மட்டுமே செய்யலாம். 9-ஆம் பிரிவு, விண்ணப்பதாரரையும் இதற்குப் பணியாளராகவே கருதுகிறது. மருத்துவமனையில் காசநோய், ஹெபடைடிஸ் பி பற்றிக் கேட்பதற்குத் தகுந்த காரணம் இருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி. பரிசோதனை வேறு. தொழிலாளர் நீதிமன்றம் நியாயமானது என்று தீர்மானித்தால் ஒழிய, வேலை தருபவர் அதைக் கோர முடியாது. ஆகவே இரத்தம் எடுப்பதற்கு முன் கையொப்பம் கேட்கும் காகிதத்தில் எந்தெந்தச் சோதனைகள் எழுதப்பட்டுள்ளன என்பதை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கருவுற்றிருப்பதை வைத்து ஒருவரை விலக்குவதும் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவுக்கு மாறானது. ஆனால் எக்ஸ்ரே எடுப்பதற்கு முன், கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால், உங்கள் குழந்தையின் பொருட்டு எக்ஸ்ரே எடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஃபீனிக்ஸ் அக்காவின் முதன்மைக் கேள்வியில் நான் சிஸ்டர் அம்மாவின் பக்கம்தான். தெரிந்தே தவறான விடை எழுதிச் சேர்ந்தவரை, அது பின்னர் தெரியவரும்போது நேர்மைக் குறைவு என்ற காரணத்தால் பணிநீக்கம் செய்ய இடமுண்டு. அப்போது பேச்சு காசநோயைப் பற்றியதாக இருக்காது. மேலும், கிளினிக்கில் நீங்கள் சொல்லும் நோய் விவரம் மனிதவளப் பிரிவுக்குப் போகக் கூடாது. அவர்களுக்குப் போவது தகுதிச் சான்று மட்டும்: தகுதியுண்டு, தகுதியில்லை, அல்லது இன்ன கட்டுப்பாடுகளுடன் தகுதியுண்டு என்ற அளவில்.

எழுதியவர்: டோங்காட் அண்ணன்

சட்டம் புத்தகத்தில் அழகாகத்தான் இருக்கிறது. என் மைத்துனர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் அனைவரும் சொல்வதை மறுக்கும் அறிவு எனக்கில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவருக்கு நேர்ந்ததை என் கண்ணால் பார்த்தவன் நான். நாளை இந்தத் தங்கைக்கும் அதே ஒரு வரிக் கடிதம் வந்தால் நீங்கள் யாராவது அவள் வீட்டுக்கு அரிசி வாங்கித் தருவீர்களா?

எழுதியவர்: சாட்ஸ்வொர்த் சிஸ்டர் (ஓய்வு)

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நான் பணியிலிருந்த காலத்திலேயே, தழும்பைப் பார்த்தவுடன் மேற்கொண்டு எதையும் கேட்காமல் 'தகுதியில்லை' என்று எழுதிய மருத்துவரோடு வாதாடியிருக்கிறேன். சில நாட்கள் வென்றேன், சில நாட்கள் தோற்றேன். சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகளான ஒருவரை, சளிப் பரிசோதனைகூடச் செய்யாமல் விலக்கியிருந்தால் அது மருத்துவமும் ஆகாது.

ஆனால் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். உங்கள் மைத்துனர் சிகிச்சை முடிந்த கடிதத்தைக் கொண்டு போனாரா? அந்த ஒரு வரிக் கடிதம் வந்த பின், காரணத்தை எழுத்தில் தரும்படி அவர் கேட்டாரா? அவர்மேல் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. நம் மக்கள் 'முடியாது' என்ற கடிதம் வந்ததும் தலை குனிந்து திரும்பிவிடுகிறார்கள். அதனால்தான் அப்படி எழுதுகிறவர்கள் தொடர்ந்து எழுதுகிறார்கள்.

எழுதியவர்: ஐசிபிங்கோ போர்ட்டர்

நான் மருத்துவமனையில் நோயாளிகளை இடம் மாற்றும் போர்ட்டராகப் பணிபுரிகிறேன். ஆண்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் இரண்டு செய்திகள்.

காசநோய் வார்டுக்குள் போகும் ஒவ்வொருவரும் அணியும் என்95 முகக்கவசம் முகத்தில் இறுக ஒட்டுகிறதா என்று சோதிப்பார்கள். தலையில் ஒரு கூடு போட்டு, அதற்குள் கசப்பு மருந்தைத் தெளித்து, சுவை தெரிகிறதா என்று கேட்பார்கள். தாடி இருந்தால் கவசம் ஒட்டாது. நான் விரதத்திற்காகத் தாடி வளர்த்திருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. பூசாரி ஐயாவிடம் போய்க் கேட்டேன். 'நோயாளிக்குச் செய்யும் சேவைக்காகத்தானே மழிக்கிறாய், கோவிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மழித்துக்கொள்' என்றார். அந்தச் சோதனைக்குக் கால் மணி நேரத்திற்கு முன்பிருந்து எதையும் உண்ணக் கூடாது, தண்ணீர் தவிர வேறு எதையும் குடிக்கக் கூடாது.

மற்றது காவடி. என் சித்தப்பா மகன் தைப்பூசத்தில் முதுகில் கொக்கி போட்டுக் காவடி எடுத்த நான்காம் நாள் பரிசோதனைக்குப் போனான். காயங்களில் இரண்டு ஆறாமல் சிவந்திருந்தன. மருத்துவர் மரியாதையாகவே பேசினாராம். ஆறாத காயத்தோடு வார்டில் நின்றால் நோயாளிகளுக்கும் உனக்கும் ஆபத்து என்று சொல்லிப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். தேதியை மாற்றித் தரும்படி முன்பே கேட்டிருந்தால் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

எழுதியவர்: மெரிபேங்க் பெரியவர்

பேத்தி, உன் அம்மாவின் அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. 1860 நவம்பர் 16-ஆம் நாள் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இந்தத் துறைமுகத்திற்கு வந்த நாள் முதல், ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரை மருத்துவர் பார்த்துத் தகுதி சொன்ன பின்பே கப்பலேற்றினார்கள். உடலில் உள்ள தழும்புகளைக்கூடப் பெயருக்கு எதிரே பதிவேட்டில் எழுதினார்கள். என் பாட்டனாரின் பதிவை நான் தேடிக் கண்டெடுத்தபோது, அவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராத எனக்கு, அவருடைய இடது புருவத்தின் மேல் ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததைச் சொன்னது அந்த ஒற்றை வரிதான். அன்று உடலைப் பார்த்தவர்கள் கரும்புத் தோட்டத்திற்கு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பார்த்தார்கள். இன்று உன்னைப் பார்ப்பவரிடம் கேள்வி கேட்கவும், முடிவின் நகலைப் பெறவும் உனக்கு உரிமை உண்டு. நிமிர்ந்து போ.

எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவச் செய்தி இரத்த அழுத்தம்; இருபது ஆண்டுகளாக அதோடு வாழ்கிறேன். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்து தேநீர், காப்பி வேண்டாம். கழிப்பறைக்குப் போய்விட்டு வா. ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால்களைப் பின்னாமல் தரையில் ஊன்றி உட்கார். கை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும்; தொங்கவிட்டால் அளவு கூடும், அளக்கும்போது பேசினாலும் கூடும். பெருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடவே காட்டும். 140-க்கு 90 என்ற எல்லையைத் தாண்டினால் மறுபடி அளக்கச் சொல். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்று காலை அதை நிறுத்தக் கூடாது. பலர் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

எழுதியவர்: ஃபீனிக்ஸ் மகள்

கிளினிக்குக்குப் போய்வந்தேன். முதல் நாள் பதிவேடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சிஸ்டர் அம்மா சொன்னபடி, 2013-ஆம் ஆண்டின் காசநோய்ப் பதிவேடு என்று பெயர் சொல்லி இரண்டாம் நாள் மறுபடி கேட்டேன். பின்னறையிலிருந்து எடுத்து வந்தார்கள். என் பெயர், அப்போதைய எடை 41 கிலோ, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து, கடைசிக் கட்டத்தில் 'குணமானது'. பொறுப்பு சிஸ்டர் எல்லாவற்றையும் எழுதி முத்திரை வைத்துத் தந்தார். பழைய எக்ஸ்ரே கிடைக்கவில்லை.

அந்த மருந்துகளால் கண்ணோ காதோ பாதித்திருக்குமா? பார்வையும் கேட்கும் திறனும் சோதிப்பார்கள் என்று ஃபார்மில் இருக்கிறது.

எழுதியவர்: சாட்ஸ்வொர்த் சிஸ்டர் (ஓய்வு)

நல்ல கேள்வி. உனக்குக் கொடுத்த நான்கில் எத்தாம்ப்யூட்டால் என்ற மருந்து சிலருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறையை உண்டாக்கும். பெரும்பாலும் சிகிச்சையின்போதே தெரிந்துவிடும், நிறுத்தினால் சரியாகவும் ஆகும். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு நீ அஞ்ச வேண்டியதில்லை. காதைப் பாதித்தவை ஊசி மருந்துகள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டு கேட்கும் திறனை இழந்தவர்கள் நம் மாகாணத்தில் இருக்கிறார்கள். 2018-இல்தான் அவற்றுக்குப் பதிலாக பெடாக்குவிலின் என்ற மாத்திரையை நம் அரசு கொண்டுவந்தது. உனக்கு அது பொருந்தாது. கண்ணாடி அணிகிறவளாக இருந்தால் அதை எடுத்துப் போ.

வார்டு ஒதுக்குவதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைக் கேட்டுக்கொள். ஒருமுறை காசநோய் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். தேவையான அளவில் முகக்கவசமும், ஆண்டுதோறும் பரிசோதனையும் தரும்படி கேட்பது உன் உரிமை. இவற்றுக்கான செலவை உன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது; 1993-ஆம் ஆண்டு தொழில்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

எழுதியவர்: ஃபீனிக்ஸ் மகள்

இன்று பரிசோதனை முடிந்தது. கட்டத்தில் 'ஆம்' என்று எழுதி, கடிதத்தின் நகலை இணைத்தேன். மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து, வலது மேற்பகுதியில் விரல் நுனி அளவில் ஒரு வெள்ளைத் தழும்பைக் காட்டினார். இத்தனை ஆண்டுகளில் அதை நான் பார்த்ததே இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, பழைய படம் இல்லாததால் உறுதிக்காகச் சளி மட்டும் அனுப்புவோம் என்றார். முடிவு வரும்வரை சான்று நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு வாரம் பொறுத்திருக்க வேண்டும். இரத்த அழுத்தம் முதலில் 146-க்கு 92 வந்தது. பெரியவர் ஐயா சொன்னபடி கேட்டேன், பத்து நிமிடம் கழித்து 124-க்கு 80. சர்க்கரை சரியாக உள்ளது. ஹெபடைடிஸ் பி எதிர்ப்புச் சக்தி இல்லாததால், விட்டுப்போன ஊசிகளைத் தொடர்வதற்குத் தேதி குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

எழுதியவர்: ஃபீனிக்ஸ் மகள்

சளியில் கிருமி இல்லை. 'தகுதியுண்டு' என்ற சான்று இன்று வந்தது. நோயின் பெயர் அதில் எங்கும் இல்லை. எக்ஸ்ரே அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதலாம் தேதி பணியில் சேர்கிறேன். அம்மா சான்றை இரண்டு முறை படித்துவிட்டு, நேற்று எங்கள் பெரியம்மாவிடம் தொலைபேசியில், 'அவளுக்குச் சின்ன வயதில் காசநோய் வந்து குணமானது' என்று முதன்முறையாகச் சொன்னார்.

எழுதியவர்: டோங்காட் அண்ணன்

மகிழ்ச்சி தங்கச்சி. சிஸ்டர் அம்மா கேட்ட இரண்டு கேள்விகளையும் மைத்துனரிடம் கேட்டேன். கடிதம் கொண்டு போகவில்லை, காரணமும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் காலம் கடந்துவிட்டதா? கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

எழுதியவர்: சட்டம் படிக்கும் பெண்

கடக்கவில்லை அண்ணா. பாரபட்சம் என்று, வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.-விடம் முறையிட, நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ஜூன் மாதக் கடிதம் என்றால் டிசம்பர் வரை இருக்கிறது. அங்கே கட்டணம் இல்லை. ஆனால் முதலில் மருத்துவமனைக்கே எழுதுங்கள். 'எந்தப் பரிசோதனையின் எந்த முடிவின் அடிப்படையில் நான் தகுதியற்றவன் எனக் கருதப்பட்டேன், அது இந்த வேலையின் எந்தத் தேவையோடு தொடர்புடையது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்; என் பரிசோதனை அறிக்கைகளின் நகல்களையும் தரவும்' என்று இரண்டு வாக்கியம் போதும். அவருடைய கிளினிக்கிலிருந்து சிகிச்சை முடிந்த கடிதத்தைப் பெற்று இணையுங்கள். அனுப்பியதற்கான சான்றையும் தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர்: சாட்ஸ்வொர்த் சிஸ்டர் (ஓய்வு)

தம்பி, அனுப்புவதற்கு முன் எனக்கும் ஒரு முறை காட்டுங்கள். கிளினிக்கில் பதிவேடு இல்லை என்று முதல் நாள் சொன்னால் அதை நம்பித் திரும்பிவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.